பெருவிரலில் சுண்ணாம்பு

மஞ்சுளாவுக்குத் தாகம் எடுத்தால் பயம் வரும்.

தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஷூ கம்பெனியில், மெஷின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து மேல்தோல் தைத்த பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பயம் இருந்தது. காரணம் ஒரு மரக்கட்டை. கயிறு கோத்த அந்தக் கட்டை, லைன் சூப்பர்வைசர் நாகப்பனின் மேஜைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். பாத்ரூமுக்குப் போகிறவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். ஒரு லைனுக்கு ஒரு கட்டை. அந்த லைனில் முப்பது பெண்களுக்கு மேல் இருந்தார்கள்.

கட்டையை எடுக்கும்போதெல்லாம் நாகப்பன் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். திட்ட மாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் கூசியே பாதிப் பெண்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

மண்ணூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிற மஞ்சுளா, வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். அதற்குப் பிறகு வீடு திரும்பும் வரை டீ மட்டும்தான். டீ தொண்டையை நனைக்கும், தூக்கத்தை விரட்டும், தண்ணீர் மாதிரி வயிற்றை நிரப்பாது என்று அவள் நம்பினாள். இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் அவள் அடக்கியே பழகினாள். பேச்சை அடக்கினாள், பசியை அடக்கினாள், இதையும் அடக்கினாள்.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷத்துக் கோடையில் அந்த உடம்பு ஒரு நாள் பதில் சொன்னது.

முதலில் எரிச்சல். பிறகு அடிவயிற்றில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. போய்விட்டு வந்து உட்கார்ந்த உடனே மறுபடியும் போக வேண்டும் போல இருக்கும். போனால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் நெருப்பு.

"இன்னாடி, ஊசி மேல உக்காந்த மாதிரி நெளியுறே?" என்றாள் பக்கத்து மெஷின் செந்தாமரை. அவள் வாயில் எதுவும் நிற்காது.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாதவ உதட்டைக் கடிச்சிக்கினு உக்கார மாட்டா. போய்த் தொலை, கட்டை காலியாத்தான் கீது."

"இப்பதான் போயிட்டு வந்தேன். மறுபடி போனா அவர் பாப்பாரு."

"பாக்கட்டும். அவரு இன்னா போகாமயா இருக்காரு?"

மஞ்சுளா எழுந்திருக்கவில்லை. தைத்த தோலில் தையல் கோணலாகப் போனது. அதற்கும் நாகப்பன் பார்த்தார்.

வீட்டில் அம்மா செங்கமலம் கேட்ட உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "சூடு. மெஷின் சூடு, தோல் சூடு, வேன்ல வர்ற சூடு. எல்லாம் எம்பொண்ணு வயித்துல எறங்கிடுச்சு."

சூட்டுக்கு அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை எடுத்து இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் அப்பினாள் செங்கமலம். நீர்க்கடுப்பு நகத்தின் வழியாக இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. குளிர்ச்சிக்காகத் தினமும் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு ஒரே மூச்சில் குடிக்க வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை மரம் காய்த்துக் குலுங்கியது. அந்த மரத்தைப் பார்த்து, "ஏழைக்கு ஆண்டவன் குடுத்த டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிழியப் பிழிய எரிச்சல் அதிகமானது. அதிகமாக ஆக இன்னும் ஒரு பழம் சேர்ந்தது.

"டாக்டர் கிட்ட போலாம்மா" என்று ஒரு தடவை மஞ்சுளா சொன்னாள்.

செங்கமலம் பதறிப்போனாள். "கல்யாணம் ஆகாத பொண்ணு இந்த வியாதிக்கு ஆஸ்பத்திரியில போய் நின்னா, தெருவுல இன்னான்னு பேசுவாங்க தெரியுமா? வாயை மூடிக்கினு ஜூஸைக் குடி."

ஆவணியில் வரன் வந்தது. தரகர் சுப்பன் கொண்டுவந்த இடம். மாப்பிள்ளை புருஷோத்தமன் வாலாஜாபாத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். அப்பா இல்லை. அம்மா தாயாரம்மாள் பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கடை வைத்து அவனை ஆளாக்கியவள். போட்டோவில் புருஷோத்தமன் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்கத் தெரிந்த முகமாக இருந்தது. மஞ்சுளா அந்தப் போட்டோவை யாரும் இல்லாதபோது மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். அந்த ஒரு வாரம் அவள் எரிச்சலைக்கூட மறந்து இருந்தாள் என்று சொன்னால், அந்தப் பெண் மனசு எவ்வளவு ஆசைப்பட்டிருக்கும் என்று புரிந்துகொள்ளலாம்.

பெண் பார்க்கும் நாளின் காலையில் வலி உச்சத்துக்குப் போனது. செங்கமலம் சுண்ணாம்பை வழக்கத்தைவிடத் தடிமனாக அப்பினாள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் கழுவிவிடலாம் என்று நினைத்தாள். அவர்கள் ஒரு பஸ் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

அவசரத்தில் மஞ்சுளா புடவை கட்டினாள், பூ வைத்தாள், காபித் தட்டைக் கையில் கொடுத்தார்கள். காலில் இருந்த சுண்ணாம்பை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

தாயாரம்மாள் பாயில், கால்களைப் புடவைக்குள் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூர்மையான கண். காபியை எடுத்தாள், பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கடைசியில் தரையைப் பார்த்தாள். அங்கேயே அந்தக் கண் நின்றுவிட்டது.

"கால்ல இன்னாம்மா வெள்ளையா?"

மஞ்சுளா வாயைத் திறப்பதற்குள் செங்கமலம் முந்திக்கொண்டாள். "நீங்க வர்றீங்கன்னு வூட்டுக்கு வெள்ளையடிச்சோம். அது சொட்டிடுச்சு."

தாயாரம்மாள் மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். "சுவரு நீலமா கீது. வெள்ளை பொண்ணு கால்ல மட்டும்தான் கீது."

மஞ்சுளாவின் அப்பா பரசுராமன் தொண்டையைக் கனைத்து, ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மஞ்சுளாவின் அடிவயிறு முறுக்கிக்கொண்டது. பற்களைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. முடியவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும், தன்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை முன்னாலும், கொல்லைப்புறம் ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். "வூட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றாள் தாயாரம்மாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. புருஷோத்தமன் மட்டும் வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

இரண்டு நாள் கழித்துச் சுப்பன் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஜாதகம் ஒத்துப் போகலைன்னு சொல்லச் சொன்னாங்க."

"பொருந்திப் போச்சுன்னு நீதானப்பா சொன்னே?" என்றார் பரசுராமன்.

சுப்பன் தலையைச் சொறிந்தார். "மறைச்சு இன்னா பண்றது. பொண்ணுக்குச் சூட்டு உடம்பாம். சூட்டு உடம்புல புள்ள தங்காதாம். அந்தம்மா பிடிவாதமா கீது. புள்ளையாண்டான் ரெண்டு நாளா சாப்புடாம கெடக்குறான், அதுக்கும் மசியலை."

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். பெற்ற வயிறு பற்றி எரியும்போது யாரையாவது குற்றம் சொல்லியாக வேண்டும். "உன்னை யாரு அந்தக் கம்பெனிக்குப் போகச் சொன்னது? நாளைக்கு இந்தப் பேரு மண்ணூர் பூரா பரவும். இன்னொருத்தன் வாசப்படி ஏறுவானா?"

"நீதானம்மா சுண்ணாம்பு பூசுனே."

"ஆமாண்டி, நான்தான் பூசுனேன். எம்பொண்ணு வலியில துடிக்கிறத பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா?"

இரண்டு பேரும் அழுதார்கள். பரசுராமன் வெளியே போய்விட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

செந்தாமரையிடம் மஞ்சுளா இதைச் சொன்னபோது, அவள் தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். "அடி பைத்தியமே. இன்னும் டாக்டரப் பாக்கலியா? நாளைக்கு லீவு போடு. நான் வரேன்."

"யாராவது பாத்தா?"

"எனக்குன்னு சொல்லிக்கலாம். எனக்கு ரெண்டு புள்ள கீது, எவன் இன்னா பேசிடுவான்?"

அரசு ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் முதலில் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். சீட்டு வந்ததும் பார்த்துவிட்டு, "கிருமி இல்லையே" என்றார்.

மஞ்சுளாவுக்கு அழுகை வந்தது. "அப்ப நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா டாக்டரம்மா? எரியுது."

"எரியலைன்னு நான் சொன்னேனா? கிருமி இருந்தா மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பேன். இல்லாதபோது ஏன் எரியுதுன்னு பாக்கணும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பே?"

"கம்பெனிக்குப் போறப்ப ஒரு வாய். அப்புறம் வூட்டுக்கு வந்து."

"நடுவில?"

"டீ."

"வேற?"

"சூட்டுக்கு எலுமிச்சம்பழம் டாக்டரம்மா. முதல்ல ரெண்டு. இப்ப மூணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கையில ஒரு சிராய்ப்பு இருக்குன்னு வெச்சுக்கோ. அதுல எலுமிச்சம்பழத்தைப் பிழிவியா?"

மஞ்சுளா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அதைத்தான் தினமும் மூணு பழத்தைப் பிழிஞ்சு பண்றே. தண்ணி குடிக்காததால மூத்திரம் கெட்டியாகி மூத்திரப் பையை அரிக்குது. மணிக்கணக்கா அடக்கி வெச்சு அதைப் புண்ணாக்கிட்டே. அதுமேல டீயும் புளிப்பும் காரமும் ஊத்துறே. சில பேருக்கு அது ஒத்துக்கும், உனக்கு ஒத்துக்கலை. அந்தப் பை கத்தாம என்ன பண்ணும்?"

செந்தாமரை பின்னாலிருந்து, "சுண்ணாம்புகூடப் பூசறாங்க" என்று போட்டுக்கொடுத்தாள்.

"அது நகத்தைத் தாண்டி எங்கேயும் போகாது. பூசி அரிச்சா நகம்தான் கெடும்." பிறகு டாக்டர் மெதுவாகச் சொன்னார். டீயையும் எலுமிச்சையையும் கொஞ்ச நாள் அடியோடு நிறுத்து. காரத்தைக் குறை. எரிச்சல் அடங்கினதும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார், எது ஆகவில்லை என்று உனக்கே தெரியும். தண்ணீரை மொத்தமாகக் குடிக்காமல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. வலிக்கும்போது வெந்நீர் ஒத்தடம் கொடு. நேரம் வைத்துப் போ, அடக்காதே, அவசரப்பட்டுப் பாதியில் எழுந்து வராதே.

"போயிட்டு வந்ததுமே மறுபடி வருதே டாக்டரம்மா?"

"அது பொய்க் கூப்பாடு. அப்ப ஓடாதே. அசையாம உக்காரு, மூச்சை மெதுவா விடு. அலை மாதிரி ஏறி இறங்கிடும். நாளாக நாளாக இடைவெளி தானா நீளும். ஆனா காய்ச்சல் வந்தாலோ ரத்தம் கலந்து போனாலோ உடனே இங்க வரணும், வீட்டு வைத்தியம் கூடாது."

வாசல்வரை போன மஞ்சுளா திரும்பி வந்தாள். கேட்க வந்ததைக் கேட்காமல் போக முடியவில்லை. "டாக்டரம்மா, இதனால புள்ள தங்காதா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "மூத்திரப் பை வேற, கர்ப்பப்பை வேறம்மா. யார் சொன்னது உனக்கு?"

எல்லாம் எவ்வளவு சுலபம் என்று தோன்றியது அந்த நிமிஷம். மறுநாள் கம்பெனிக்குப் போனபோதுதான் தெரிந்தது, சுலபமான வைத்தியத்துக்கும் ஒரு கட்டை வேண்டும் என்று.

மெஷின் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் வைக்கக் கூடாது, தோலில் கறை விழும். சரி, டீ நேரத்தில் குழாயில் குடித்தாள். குடித்தால் போக வேண்டும். கட்டை ஆணியில் இல்லை. வந்ததும் எழுந்தாள். நாகப்பன் பார்த்தார். மதியத்துக்கு முன்னால் இன்னொரு தடவை எழுந்தாள்.

"இன்னாம்மா, இன்னைக்கு உனக்குன்னே கட்டை செஞ்சு வெச்சாப்பல கீது?"

"டாக்டர் அடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்."

"எல்லாருக்கும் டாக்டர் சொன்னா லைனை யாரு ஓட்டுறது? நானா தைப்பேன்?" அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவரும் கடிகாரம் கட்டியிருந்தார். அது மஞ்சுளாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? எரிவது அவளுக்குத்தானே.

அப்படியும் அவள் எழுந்தாள். பார்வை முதுகில் குத்தக் குத்த, கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தோல் குடோனைத் தாண்டி நடந்தாள். சில வாரத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் முதலிலிருந்து தொடங்கும். வீட்டிலோ செங்கமலம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வைத்துவிட்டு, குடிக்காத மகளிடம் பேசாமல் இருந்தாள். வேறு வரன் எதுவும் வரவில்லை. தெருவில் ஒருத்தி, "சூடு இறங்கிச்சா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் மஞ்சுளா தாயாரம்மாளை நேரில் பார்ப்பது என்று முடிவு செய்தாள். தன்னை வேண்டாம் என்று சொல்லட்டும். இல்லாத காரணத்தைச் சொல்லி வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

வார லீவு நாளில், ஓவர்டைம் வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் வாலாஜாபாத் பஸ் ஏறினாள். ஒரகடத்தில் மூட்டை ஏற்றுவதற்காக பஸ் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அடிவயிறு கூப்பிட ஆரம்பித்தது. இறங்கி ஓடலாம் என்று எழுந்தாள். ஓடினால் எங்கே போவது? ரோட்டின் இரண்டு பக்கமும் வெட்டவெளி. உட்கார்ந்தாள். அசையவில்லை. மூச்சை மெதுவாக விட்டாள். கூப்பாடு ஏறியது, இன்னும் ஏறியது, கண்ணை இருட்டியது. பிறகு, டாக்டர் சொன்ன மாதிரியே, மெல்ல இறங்கியது. பக்கத்து சீட்டுக்காரி, "இன்னாம்மா, மந்திரம் சொல்றியா?" என்று கேட்டாள். மஞ்சுளாவுக்குப் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஈரச்சாக்கு மூடிய கூடை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, நடுவில் தாயாரம்மாள். வெயிலில் வந்து நின்ற பெண்ணை அண்ணாந்து பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"நீ எங்கம்மா இங்க? உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

மஞ்சுளா வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சை ஆரம்பிக்கவில்லை. ஏனென்றால் அவள் கண் தரையைப் பார்த்துவிட்டது. மடக்கி உட்கார்ந்திருந்த தாயாரம்மாளின் இரண்டு கால் பெருவிரலிலும் சுண்ணாம்பு, காய்ந்து, வெடித்து, வெள்ளையாக.

தாயாரம்மாள் சட்டென்று புடவையை இழுத்து மூடினாள். பெண் பார்க்க வந்த அன்று மூடிய அதே மாதிரி.

"எத்தினி வருஷமா?" என்று கேட்டாள் மஞ்சுளா.

தாயாரம்மாள் வெற்றிலைக் கூடையைப் பார்த்தபடி சொன்னாள். "கல்யாணமான புதுசுலேருந்தே. கடை போட்டப்புறம் இன்னும் மோசம். விடியறதுக்கு முன்னாடி வந்து உக்காந்தா, அவன் பட்டறை விட்டு வந்து கூடையைத் தூக்குற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. எழுந்தா சரக்கு போயிடும். வூடு ரெண்டு தெரு தள்ளி கீது, கீதுதான், இன்னா புண்ணியம்?" அவள் குரல் தாழ்ந்தது. "இவனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு கரு கலைஞ்சிச்சு. எம்மாமியா சொன்னா, சூட்டு உடம்பு, பாழும் வயிறுன்னு. ஊர்பூரா சொன்னா. உன் கால்ல அந்த வெள்ளையப் பாத்ததும் எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு. எம்புள்ளைக்கு அந்த சோகம் வேணாம்னு நெனச்சேன். உம்மேல எனக்கு ஒரு வன்மமும் இல்ல."

இத்தனை வருஷம் தன்மேல் சுமத்தப்பட்ட பழியை அப்படியே இன்னொரு பெண்ணின் தலையில் இறக்கி வைத்திருந்தாள் அந்தத் தாய். அது அவளுக்கே தெரியாது.

மஞ்சுளா கீழே விரித்திருந்த சாக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டாக்டரம்மா சொன்னாங்க. அந்தப் பை வேற, இந்தப் பை வேற. நானே கேட்டேன், திரும்பிப் போய்க் கேட்டேன். உங்களுக்குக் கரு கலைஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

தாயாரம்மாள் வெற்றிலையை எடுத்து நீர் தெளித்தாள். தெளித்த வெற்றிலையையே மறுபடியும் தெளித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. "முப்பது வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

சற்று நேரத்தில் அவள் உட்கார்ந்த இடத்திலேயே நெளிவதை மஞ்சுளா பார்த்தாள். அந்த நெளிவு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"போயிட்டு வாங்க. கடையை நான் பாத்துக்குறேன்."

"நீயா?"

"வெத்தலைதானே. தோலைவிடவா கஷ்டம்? போங்க. அவசரப்பட்டு ஓடி வராதீங்க."

தாயாரம்மாள் தயங்கி எழுந்தாள். பட்டப்பகலில், வியாபார நேரத்தில், கடையை விட்டு இறங்கி வீட்டுத் தெருவைப் பார்த்து நடந்தாள். போகப் போகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வந்தபோது முகம் கழுவியிருந்தாள். காலையும் கழுவியிருந்தாள். "யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரு சுண்ணாம்பு கேட்டாரு. வாய்க்கா, காலுக்கான்னு கேட்டேன்."

தாயாரம்மாள் சிரித்தாள். போட்டோவில் புருஷோத்தமன் சிரிக்காமல் வைத்திருந்த சிரிப்பு அதுதான் என்று மஞ்சுளாவுக்குத் தோன்றியது.

"கெளம்புறேம்மா. பஸ்ஸு வந்துடும்."

"எத்தினி நேரம் ஆவும் ஊர் போய்ச் சேர?"

"ரெண்டு பஸ்ஸு மாறணும்."

தாயாரம்மாள் பஸ் வரும் பக்கம் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். கல்யாணம் பேசி முடிக்காத வீட்டுக்குள் பெண் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கத்தை அவளும் நம்புகிறவள்தான். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டாவது தெரு, பச்சைக் கதவு. பின்னால தொட்டியில தண்ணி கீது. போயிட்டு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வா. அடுத்த பஸ்ஸுல போலாம்."

மஞ்சுளா சாவியை வாங்கிக்கொண்டாள். அதற்கு எந்தக் கட்டையும் கட்டியிருக்கவில்லை.